நாசிக் திராட்சை அறுவடைக் காலத்தில் ஒயின் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகாராஷ்டிரத்தின் நாசிக் மாவட்டத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை ஒயின் திராட்சை பறிப்பார்கள். அந்த நாட்களில் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து, ஒயின் சுவைத்து, கிராமப்புறத்தில் இரண்டு மூன்று நாள் தங்கிவர நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இங்கே. குடிப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. காலையில் கொடியில் தொங்கிய பழம் மாலைக்குள் தொட்டியில் சாறாக நிற்பதைப் பார்க்க வேண்டும் என்றால் இந்த மூன்று மாதத்தை விட்டால் வழியில்லை.

ஐரோப்பாவில் செப்டம்பர், அக்டோபரில்தானே அறுவடை? நாசிக்கில் மட்டும் ஏன் ஜனவரி?

குளிர்நாடுகளில் திராட்சைக் கொடி பனிக்காலம் முழுக்க இலையுதிர்த்துத் தூங்கும். வசந்தத்தில் துளிர்த்து, கோடையில் காய்த்து, இலையுதிர் காலத் தொடக்கத்தில் பழுக்கும். நாசிக்கில் கொடிக்குத் தூக்கமே கிடையாது. விட்டால் ஆண்டு முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் எப்போது காய்க்க வேண்டும் என்பதைக் கவாத்து செய்துதான், அதாவது கிளைகளை வெட்டிவிட்டுத்தான், விவசாயி முடிவு செய்கிறார்.

இங்கே ஆண்டுக்கு இரண்டு கவாத்து. அறுவடை முடிந்ததும் ஏப்ரல் வாக்கில் முதல் கவாத்து. அது கிளைகளைப் புதுப்பிக்க மட்டுமே, பழத்துக்கு அல்ல. மழைக்காலம் ஓயும் நேரத்தில், செப்டம்பர் அக்டோபரில், இரண்டாவது கவாத்து. அதிலிருந்து வரும் துளிரில்தான் பூவும் காயும். நான்கைந்து மாதம் கழித்துப் பழம் தயார். இப்படிச் செய்வதால் பழுக்கும் காலம் மழையில் மாட்டாமல் குளிர்காலத்தில் விழுகிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்தப் பீடபூமியில் ஜனவரி இரவுகள் 10 டிகிரிக்கும் கீழே போகும். பகல் வெயிலில் இனிப்பு ஏறும், இரவுக் குளிரில் புளிப்பு கரையாமல் நிற்கும். நல்ல ஒயினுக்கு இந்த இரண்டும் சேர்ந்தே வேண்டும்.

மூன்று மாதத்தில் எந்த வாரம் போனால் நல்லது?

என்னைக் கேட்டால் பிப்ரவரி முதல் பாதி. காரணம், எல்லா ரகமும் ஒரே நாளில் பழுப்பதில்லை. நுரைக்கும் ஒயினுக்கான பழத்தை இனிப்பு அதிகம் ஏறுமுன், புளிப்பு தூக்கலாக இருக்கும்போதே முதலில் பறித்துவிடுவார்கள். அடுத்து சாவிஞோன் பிளாங்க், செனின் பிளாங்க் போன்ற வெள்ளை ரகங்கள். ஷிராஸ், கேபர்னே சாவிஞோன் போன்ற சிவப்பு ரகங்கள் கடைசியில், மார்ச் வரைகூட நீளும். பிப்ரவரியில் போனால் ஒரு பக்கம் வெள்ளைப் பழம் பிழிவதையும், இன்னொரு பக்கம் சிவப்புப் பழம் கொடியிலேயே கறுத்து நிற்பதையும் பார்க்கலாம். வெயிலும் இன்னும் சுள்ளென்று ஏறியிருக்காது.

ஆனால் தேதியை முடிவு செய்வது நாட்காட்டி அல்ல, பழத்தின் சர்க்கரை அளவு. ஆலைக்காரர்கள் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சின்னக் குழாயில் ஒரு சொட்டுச் சாறு விட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பிரிக்ஸ் அளவை, அதாவது சாற்றில் சர்க்கரை எத்தனை சதவீதம் என்பதை, சொல்வார்கள். வெள்ளை ஒயினுக்கு 21, 22 என்றால் சரி, சிவப்புக்கு இன்னும் கொஞ்சம் மேலே. அதனால் விமான டிக்கெட் போடுமுன் போக நினைக்கும் ஆலைக்கு ஒரு போன் போட்டு, 'எந்த வாரம் என்ன ரகம் பறிப்பீர்கள்?' என்று கேளுங்கள். பறிப்பு நெருங்க நெருங்கத்தான் அவர்களுக்கே உறுதியாகத் தெரியும். ஆனாலும் ஏறக்குறைய எந்த வாரம் என்று சொல்லிவிடுவார்கள்.

நாசிக் என்றால் நகரமா, கிராமமா? தோட்டங்கள் எங்கே இருக்கின்றன?

நகரத்தைச் சுற்றி நாலா பக்கமும். பயணம் திட்டமிட மூன்று திசைகளாகப் பிரித்துக்கொள்வது வசதி.

முதலாவது, மேற்கே கங்காபூர் அணைப் பக்கம். நகரத்திலிருந்து அரை மணி நேரம். சுலா, யார்க், சோமா மூன்றும் இங்கேதான். இந்தியாவில் ஒயின் சுற்றுலா என்ற பழக்கத்தையே தொடங்கிவைத்தது சுலா எனலாம். கலிஃபோர்னியாவில் படித்து, வேலை பார்த்துத் திரும்பிய ராஜீவ் சாமந்த் 1997-ல் இங்கே கொடி நட்டார். 2000-ல் முதல் ஒயின் வந்தது, 2005-ல் சுவைக்கும் அறை திறந்தார்கள். இன்று அது ஒரு திருவிழாத் திடல் மாதிரி. யார்க் சின்ன ஆலை. 2021-ல் அதையும் சுலா வாங்கிவிட்டது. என்றாலும் அங்கே கூட்டம் குறைவு, மாடியில் உட்கார்ந்தால் அணைத் தண்ணீர் தெரியும்.

இரண்டாவது, தெற்கே இகத்புரி பக்கம். மும்பையிலிருந்து வரும் வழியில், சஹ்யாத்ரி மலையடிவாரம். வலோனே என்ற சிறிய ஆலையும், குரோவர் ஜம்பாவின் நாசிக் கிளையும் இங்கே. மலை, ஏரி, தோட்டம் மூன்றும் ஒரே பார்வையில் வேண்டுமென்றால் இந்தப் பக்கம்தான்.

மூன்றாவது, வடக்கே திண்டோரியும் கிழக்கே நிபாடும். திண்டோரியில் பிரெஞ்சு நிறுவனமான மோயே ஹெனெஸியின் ஷாண்டோன் ஆலை இருக்கிறது. நுரைக்கும் ஒயினுக்கென்றே 2013-ல் தொடங்கியது. நிபாட் பக்கம் பெரும்பாலும் சாப்பிடும் திராட்சைத் தோட்டங்கள். வண்டி வண்டியாகப் பழம் போவதைப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டிலிருந்து எப்படிப் போவது?

எளிய வழி மும்பைக்கு விமானம், அங்கிருந்து சாலையில் சுமார் 170 கிலோமீட்டர். மும்பையை விட்டு வெளியேறத்தான் நேரமாகும். அப்புறம் கசாரா மலைப்பாதை ஏறினால் இகத்புரி வந்துவிடும். 2025 ஜூனில் மும்பை-நாக்பூர் சம்ருத்தி நெடுஞ்சாலையின் கடைசிப் பகுதியும் திறந்த பிறகு இகத்புரிவரை பயணம் இன்னும் சுலபம்.

ரயிலில் என்றால் நாசிக் ரோடு என்பது நிலையத்தின் பெயர். சென்னையிலிருந்து மும்பை போகும் வண்டிகள் புனே வழியாகப் போவதால் நாசிக்கைத் தொடாது. கல்யாணில் இறங்கி வண்டி மாற வேண்டும். மும்பையிலிருந்து ஷீரடி போகும் வந்தே பாரத் நாசிக் ரோட்டில் நிற்கும். நாசிக்குக்கு ஓஜர் என்ற இடத்தில் சொந்த விமான நிலையமும் உண்டு. பெங்களூரு, ஹைதராபாத் வழியாக இணைப்பு கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அட்டவணை அடிக்கடி மாறும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, ஷீரடி. சென்னையிலிருந்து ஷீரடிக்கு வாராந்திர ரயில் ஓடுகிறது. பாபா தரிசனம் முடித்துவிட்டு 90 கிலோமீட்டர் வந்தால் நாசிக். ஆனால் வீட்டுப் பெரியவர்களோடு போகும் ஷீரடிப் பயணத்தில் ஒயினை நுழைப்பதா வேண்டாமா என்பது உங்கள் குடும்ப விவகாரம், அதில் நான் தலையிடவில்லை.

எத்தனை நாள் வேண்டும்?

போக்குவரத்து நீங்கலாக இரண்டு முழு நாள் போதும். ஒரு நாள் கங்காபூர் பக்கம், ஒரு நாள் இகத்புரி பக்கம். மூன்றாவது நாள் இருந்தால் கோயில், குகை, பறவைகள் என்று ஒதுக்கலாம்.

ஒரு நாளைக்கு இரண்டு ஆலைக்கு மேல் வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டேஸ்டிங்கில், அதாவது ஆலையில் ஒயின்களைச் சுவைக்கத் தரும் அமர்வில், ஐந்து ஒயின், ஒவ்வொன்றும் 40 மில்லி என்றால் 200 மில்லி. இரண்டு ஆலையில் 400. அரை பாட்டிலுக்கும் மேலே ஆகிவிட்டது, அதுவும் 12 முதல் 14 சதவீத ஆல்கஹால். மூன்றாவது ஆலையில் என்ன ஊற்றினாலும் நாக்கு ஒரே பதிலைத்தான் சொல்லும்.

நாளின் ஒழுங்கும் முக்கியம். காலை 7, 8 மணிக்குத் தோட்டம், 11 மணிக்கு ஆலை, மதியச் சாப்பாட்டை ஒட்டி டேஸ்டிங், மாலை ஓய்வு அல்லது இரண்டாவது ஆலை. பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மதியம் எழுந்து, மாலை போய், இருட்டில் தோட்டத்தைத் தேடுகிறார்கள்.

முன்பதிவு செய்யாமல் நேரே போனால் உள்ளே விடுவார்களா?

பெரிய ஆலைகளில் விடுவார்கள். சில இடங்களில் வார இறுதியில் நுழைவுக் கட்டணம் உண்டு. சின்ன ஆலைகளில் முன்கூட்டியே சொல்லியே ஆக வேண்டும். அறுவடைதான் அவர்களுக்கு ஆண்டிலேயே தலைபோகிற நேரம். ஒயின் தயாரிப்பாளர் இரவு பகலாகத் தொட்டிகளோடு நிற்பார். நீங்கள் போய் 'சார், கொஞ்சம் சுற்றிக் காட்டுங்களேன்' என்றால் முகம் கொடுக்க முடியாமல் போகலாம். ஒரு வாரம் முன்பே எழுதிக் கேட்டால், 'செவ்வாய் காலை வாருங்கள், அன்று பழம் வருகிறது' என்று அவர்களே சொல்வார்கள். அப்படிக் கிடைக்கும் ஒரு மணி நேரம், வழக்கமான சுற்றுலா நடை நான்குக்குச் சமம்.

சனி, ஞாயிறைத் தவிருங்கள். மும்பை, புனே முழுதும் அங்கேதான் இருக்கும். திங்கள் முதல் வியாழன்வரை அறை வாடகையும் குறைவு.

அறுவடை நாளில் உண்மையில் என்ன பார்க்கலாம்?

விடியற்காலையில் பறிப்பு தொடங்கும். சில தோட்டங்களில் நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு இரவிலேயே பறிப்பார்கள். வெயில் ஏறினால் பழம் சூடாகி, கூடையிலேயே நொதிக்க ஆரம்பித்துவிடும் என்பதால்தான் இந்த அவசரம். வரிசை வரிசையாகக் கம்பியில் ஏற்றிய கொடிகள், இடுப்பு உயரத்தில் குலைகள். நம் கம்பம் பக்கம் பந்தல் போட்டுத் தலைக்குமேல் குலை தொங்குமே, அது போல இருக்காது. சின்னக் கத்தரியால் குலையின் காம்பை வெட்டி, பிளாஸ்டிக் கிரேட்டுகளில் அடுக்குவார்கள். ஆழமாகக் கொட்டினால் அடியில் இருப்பது நசுங்கிவிடும்.

பறிக்கிறவர்களில் பலர் பேட், சுர்கானா போன்ற ஆதிவாசி வட்டாரங்களிலிருந்து பருவ வேலைக்கு வருபவர்கள். குடும்பம் குடும்பமாக வந்து தோட்டத்தை ஒட்டித் தங்குவார்கள். படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். வேகமாக வேலை பார்க்கும் ஒருவரை நிறுத்தி, கூடையை வாங்கி, போஸ் கொடுப்பதெல்லாம் வேண்டாமே.

கிரேட்டுகள் டிராக்டரில் ஆலைக்கு வந்து எடை போடப்படும். அப்புறம் நீண்ட மேசையில் சருகு, அழுகல் பொறுக்குவார்கள். ஒரு இயந்திரம் காம்பைப் பிரித்து எடுக்கும். இங்கிருந்து பாதை இரண்டாகப் பிரியும். வெள்ளை ஒயினுக்கு உடனே பிழிந்து, தோலை ஒதுக்கிவிட்டுச் சாறு மட்டும் குளிரூட்டிய எஃகுத் தொட்டிக்குப் போகும். சிவப்புக்குத் தோலும் விதையும் சாறோடு சேர்ந்தே தொட்டிக்குப் போகும், நிறமும் துவர்ப்பும் தோலில்தானே இருக்கிறது. நொதிக்கும்போது கிளம்பும் வாயு தோல்களை மேலே தள்ளிவிடும், கெட்டியாக ஒரு மூடி மாதிரி. அதை நாளைக்குப் பல முறை கீழே அமுக்கி விடுவார்கள், அல்லது அடியிலிருந்து சாறை எடுத்து மேலே பாய்ச்சுவார்கள். இதைப் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் தொட்டிக்குள் தலையை நீட்டி மோந்து பார்க்க வேண்டாம். அங்கே நிற்பது கார்பன் டை ஆக்சைடு, மூச்சு முட்டும். ஒயின் ஆலை விபத்துகளில் இது உயிரையே பறித்திருக்கிறது.

ஒரு கேள்வி கேட்க மறக்காதீர்கள்: 'இப்போது நொதிக்கிற தொட்டியிலிருந்து ஒரு வாய் கிடைக்குமா?' கொடுத்தால் கலங்கலாக, பாதி இனிப்பாக, நாக்கில் சுருசுருவென்று இருக்கும். கடையில் எந்தக் காலத்திலும் கிடைக்காத பானம் அது.

நானே பழம் பறிக்கலாமா? கொடியிலிருந்து பிய்த்துச் சாப்பிடலாமா?

சில தோட்டங்களும் விவசாயச் சுற்றுலா இடங்களும் விருந்தினருக்கென்று சில வரிசைகளை ஒதுக்கி, கத்தரி கொடுத்துப் பறிக்க விடுகின்றன. கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். உண்மையான வணிகப் பறிப்பில் வெளியாட்களைச் சேர்க்க மாட்டார்கள்.

அனுமதியில்லாமல் பிய்த்துத் தின்னவே கூடாது. திருட்டு என்பது ஒரு பக்கம். திராட்சைக்குப் பூஞ்சைக்கொல்லி பலமுறை அடிப்பார்கள், கடைசியாக அடித்து இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்கலாம் என்று கணக்கு இருக்கும். அது உங்களுக்குத் தெரியாது. அவர்களே பறித்துக் கொடுத்தால் தாராளமாக வாயில் போடுங்கள். ஒயின் திராட்சை சின்னது, தோல் தடிமன், உள்ளே விதை, இனிப்போ அபாரம். சாப்பிடுவதற்கான தாம்ஸன் சீட்லெஸ் ரகத்தோடு பக்கத்தில் வைத்துச் சுவைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் சட்டென்று தெரியும்.

காலால் திராட்சை மிதிப்பது? அப்படித்தான் ஒயின் செய்கிறார்களா?

இல்லை. நீங்கள் வாங்கும் பாட்டிலில் இருப்பது இயந்திரத்தில் பிழிந்த சாறு. மரத்தொட்டியில் காலை விட்டு மிதிப்பது விருந்தினருக்கான விளையாட்டு, ஜனவரி முதல் மார்ச் வரை வார இறுதிகளில் தனிக் கட்டணத்துக்கு நடக்கும். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான். எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. வரிசையில் அரை மணி நேரம் நின்று, ஐந்து நிமிடம் மிதித்து, அன்று முழுக்கக் கால் பிசுபிசுவென்று இருக்கும். போவதென்றால் மாற்று உடையும் பழைய துண்டும் எடுத்துப் போங்கள். கறை போகாது.

சுலாஃபெஸ்ட் என்ற இசை விழா பிப்ரவரி தொடக்கத்தை ஒட்டி நடப்பது வழக்கம். இசை பிடிக்கும் என்றால் அந்த நாளுக்குப் போங்கள். தோட்டம் பார்க்க வேண்டும் என்றால் அந்த வாரத்தைக் கட்டாயம் தவிருங்கள்.

இதுவரை ஒயினே குடித்ததில்லை. டேஸ்டிங்கில் என்ன செய்ய வேண்டும்?

பயப்பட ஒன்றுமில்லை. நான்கு முதல் ஆறு ஒயின்களைச் சிறிது சிறிதாக ஊற்றி, ஒருவர் விளக்குவார். நுரைக்கும் ஒயினில் தொடங்கி, வெள்ளை, இளஞ்சிவப்பு, சிவப்பு, கடைசியில் இனிப்பு என்று போகும். கிளாஸின் காம்பைப் பிடியுங்கள், கை சூடு ஒயினுக்கு ஆகாது. லேசாகச் சுழற்றி மோந்து பாருங்கள். ஒரு வாய் எடுத்து, உடனே விழுங்காமல் நாக்கு முழுக்கப் பரவ விடுங்கள்.

பக்கத்தில் ஒரு கிண்ணம் இருக்கும், துப்புவதற்கு. துப்பினால் மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம், தொழில் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள். மிச்சத்தை அதிலேயே கொட்டிவிடலாம், காசு கொடுத்தாயிற்றே என்று எல்லாவற்றையும் காலி செய்யத் தேவையில்லை. பிளம், மிளகு, கொய்யா என்று அவர்கள் அடுக்கும் வாசனை எதுவும் உங்களுக்குத் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். முதல் தடவை போகிறவர்களுக்குப் பெரும்பாலும் பிடிப்பது கொஞ்சம் இனிப்புள்ள செனின் பிளாங்க்.

நான் குடிப்பதில்லை. குழந்தைகளும் வருகிறார்கள். போகலாமா?

தாராளமாக. தோட்ட நடை, ஆலை, சாப்பாடு, அணைக்கரை எதற்கும் ஒயின் தேவையில்லை. பல ஆலைகளில் குழந்தைகளை அனுமதிப்பார்கள், டேஸ்டிங் அறைக்குள் மட்டும் விதி மாறலாம். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் விழா நாட்களையும் சனிக்கிழமை மாலைகளையும் விட்டுவிடுவது நல்லது. மாநில அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகமான எம்டிடிசி-யின் கிரேப் பார்க் விடுதி கங்காபூர் அணையை ஒட்டியே இருக்கிறது. குடும்பத்துக்கு அது பொருத்தம்.

வயது வரம்பு, மது விற்காத நாட்கள்?

மகாராஷ்டிரத்தில் ஒயினுக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், விஸ்கி போன்றவற்றுக்கு 25. ஒரிஜினல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். இளமையாகத் தெரிந்தால் கேட்பார்கள், அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பலர் சறுக்குவது இங்கேதான். குடியரசு தின நீண்ட விடுமுறை என்று ஜனவரி 26-க்குத் திட்டம் போடுகிறார்கள். அன்று மது விற்கக் கூடாது. அறைக்கு இரட்டை வாடகை கொடுத்துவிட்டு, திராட்சை ஜூஸ் குடிக்க வேண்டியதுதான். ஜனவரி 30 காந்தி நினைவு நாளையும் கவனியுங்கள். உள்ளாட்சித் தேர்தல் வந்தால் வாக்குப்பதிவை ஒட்டியும் தடை இருக்கும்.

நாங்களே கார் ஓட்டிக்கொண்டு போகலாமா?

ஓட்டுகிறவர் ஒரு சொட்டும் தொட மாட்டார் என்றால் போகலாம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் என்பதுதான் இந்தியச் சட்டம் வைத்திருக்கும் எல்லை. ஒரே டேஸ்டிங்கில் தாண்டிவிடலாம். முதல் முறை பிடிபட்டாலே 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். நாள் வாடகைக்கு ஓட்டுநரோடு வண்டி எடுப்பதே நிம்மதி. கங்காபூர் பக்கம் ஆப் டாக்ஸியில் போய்விடலாம், திரும்ப வரத்தான் வண்டி கிடைக்காது. இகத்புரி ஆலைகளுக்கு அதுவும் இல்லை. ஓட்டுநரை வாசலில் மணிக்கணக்கில் காயவிடாமல் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டு உள்ளே போங்கள்.

சாப்பாடு?

காலையில் மிசல். முளைகட்டிய பயறு, காரக் குழம்பு, மேலே மிக்சர், தொட்டுக்கொள்ளப் பாவ். நாசிக்காரர்கள் அதைக் கௌரவப் பிரச்சினையாக எடுத்துக்கொள்வார்கள். தோட்டத்துக்கு நடுவே மரநிழலில் பரிமாறும் மிசல் கடைகள்கூட உண்டு. ஆனால் எச்சரிக்கை: காரமான மிசல் சாப்பிட்டுவிட்டு உடனே டேஸ்டிங் போனால் நாக்குக்கு எதுவும் தெரியாது, வயிறும் சும்மா இருக்காது. இடையே இரண்டு மணி நேரம் விடுங்கள்.

மதியம் கிராமத்துப் பக்கம் பிட்லா பாக்ரி கிடைத்தால் சாப்பிடுங்கள். கடலை மாவுக் குழம்பும் சோள ரொட்டியும். ஆலை உணவகங்களில் பீட்சா, பாஸ்தா, சீஸ் தட்டு என்று இருக்கும், விலை மும்பை விலை. காரமான சாப்பாட்டுக்குத் துவர்ப்புள்ள சிவப்பு ஒயின் சேராது, எரிச்சல்தான் கூடும். கொஞ்சம் இனிப்புள்ள வெள்ளையோ இளஞ்சிவப்போ நம் குழம்புக்கும் பொரியலுக்கும்கூட ஒத்துப்போகும்.

என்ன உடை, என்ன காலணி?

ஜனவரியில் காலையும் இரவும் நம்மூர்க்காரர்களுக்கு நன்றாகவே குளிரும். நிபாட் பக்கம் மகாராஷ்டிரத்திலேயே மிகக் குறைந்த வெப்பநிலை பதிவாகும் இடங்களில் ஒன்று. ஸ்வெட்டர் கட்டாயம். மதியம் 30 டிகிரிக்குத் தொப்பி. மார்ச் என்றால் ஸ்வெட்டரை மறந்துவிடலாம். மூடிய ஷூ போடுங்கள். சொட்டுநீர்க் குழாய் ஓடும் வரிசைகளில் கரிசல் மண் ஒட்டிக்கொள்ளும்.

பாட்டில் வாங்கி ஊருக்குக் கொண்டுவரலாமா?

விமானத்தில் செக்-இன் பெட்டியில் துணி சுற்றி வைக்கலாம். ஆனால் விமான நிறுவனம் அனுமதிப்பது வேறு, மாநிலச் சட்டம் அனுமதிப்பது வேறு. வெளிமாநில மதுவைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவதற்கு மதுவிலக்குச் சட்டத்தில் கட்டுப்பாடு இருக்கிறது. கிடங்கு நிறைய வாங்கும் ஆசையை அங்கேயே விட்டுவிடுங்கள். இன்னொன்று, நாசிக்கிலிருந்து சாபுதாரா மலைவாசத்தலம் பக்கம் என்று பலர் அப்படியே போவார்கள். சாபுதாரா குஜராத்தில் இருக்கிறது, அது மதுவிலக்கு மாநிலம். டிக்கியில் பாட்டிலோடு எல்லைச் சாவடியில் நிற்க வேண்டாம்.

செலவு எவ்வளவு ஆகும்?

டேஸ்டிங் சில நூறு ரூபாயில் தொடங்கும். அறைதான் செலவை ஏற்றும். தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் ரிசார்ட்டுகள் அறுவடைக் கால வார இறுதியில் ஐந்து நட்சத்திர விடுதி விலை சொல்லும். நகரத்தில் சாதாரண விடுதியில் தங்கி, வண்டி வைத்துப் போய்வந்தால் பாதிக்கும் குறைவாக முடியும். ஒரே ஒரு இரவு மட்டும் தோட்டத்தில் தங்கி, விடியலில் பறிப்பைப் பார்த்துவிட்டு மற்ற நாட்களை நகரத்தில் கழிப்பது என் யோசனை.

பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது?

ராமாயணத்தில் சூர்ப்பனகை மூக்கறுபட்ட பஞ்சவடி நாசிக் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. 1930-ல் அம்பேத்கர் ஆலய நுழைவுப் போராட்டம் நடத்திய காலாராம் கோயிலும் அங்கேதான். சுமார் 30 கிலோமீட்டரில் திரியம்பகேஸ்வரர், கோதாவரி பிறக்கும் பிரம்மகிரி. கோயில் நாளும் ஒயின் நாளும் தனித்தனியாக இருக்கட்டும், இரண்டையும் ஒரே நாளில் கலந்தால் இரண்டும் அரைகுறை.

எனக்கு மிகவும் பிடித்தது பாண்டவ்லேணி குகைகள். பெயரில்தான் பாண்டவர், உள்ளே இருப்பவை பௌத்தக் குகைகள். சாதவாகன அரசன் கௌதமிபுத்திர சதகர்ணியின் புகழைப் பாடி அவன் தாய் வெட்டுவித்த கல்வெட்டு அங்கே இருக்கிறது. பறவை பார்ப்பவர்களுக்கு நிபாட் வட்டத்தில் நாந்தூர் மத்மேஷ்வர் சரணாலயம். மகாராஷ்டிரத்தின் முதல் ராம்சார் தலம் (உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம்) அது, அறுவடைக் காலமும் வலசைப் பறவைகளின் காலமும் ஒன்றாக வருவது நம் அதிர்ஷ்டம்.

மழையோ ஆலங்கட்டியோ வந்தால் பயணம் வீணா?

உங்களுக்கு ஒரு நாள் போகும், விவசாயிக்கு ஒரு வருடம் போகும். பிப்ரவரி மார்ச்சில் பருவம் தப்பிய மழையும் ஆலங்கட்டியும் இங்கே அவ்வப்போது வந்து அடித்துவிட்டுப் போகும். அப்படி ஒரு வாரத்தில் மாட்டினால் தோட்ட நடையை ரத்து செய்வார்கள், ஆலைக்குள் பார்க்கலாம். ரத்து விதிகளைப் பார்த்து அறை பதிவு செய்யுங்கள்.

இன்னும் பக்கத்தில், தென்னிந்தியாவிலேயே போக முடியாதா?

பெங்களூருக்கு வடக்கே நந்தி மலையடிவாரத்தில், தொட்டபள்ளாப்பூர் பக்கம் குரோவர் ஜம்பாவின் பழைய தோட்டம் இருக்கிறது. சென்னை, கோவைக்காரர்களுக்கு வார இறுதியில் போய்வரும் தூரம், ஆனால் நாசிக் அளவுக்கு ஆலைகள் அடுத்தடுத்துக் கிடையாது. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை ஆண்டு முழுக்கவே பறிக்கிறார்கள். பந்தல் திராட்சை பார்க்க அருமையான ஊர், ஆனால் அது சாப்பிடும் பழத்துக்கான பயணம்.

ஏப்ரலுக்குப் பிறகுதான் லீவு கிடைக்கும் என்றால்?

ஏப்ரல், மே வேண்டாம். கவாத்து முடிந்து கொடி மொட்டையாக நிற்கும், வெயிலும் கொளுத்தும். ஆகஸ்ட் செப்டம்பரில் பழம் இருக்காது, ஆனால் மழையில் மலையும் தோட்டமும் பச்சைப்பசேலென்று இருக்கும், ஆலைக்காரர்களுக்கும் நின்று பேச நேரம் இருக்கும். அந்த ஆண்டு அறுவடையின் வெள்ளை ஒயின்கள் அதற்குள் பாட்டிலுக்கு வந்திருக்கும், அவற்றைக் கேட்டு வாங்கிச் சுவையுங்கள். 2027-ல் மட்டும் அந்த மாதங்களைத் தவிருங்கள், நாசிக்கில் கும்பமேளா நடக்கும் ஆண்டு அது, அறை கிடைக்காது.